ஐப்பசியில் ஓடாத ஆறு

அடி வசந்தி, என் வாயாடிப் பெண்ணே,

நேற்று உன் வீட்டுக்காரர் சேகர் உங்கள் அபார்ட்மென்ட்டைக் காலி செய்தார். அவர் கம்பெனியை மூடிவிட்டார்கள். சான் ஹோசே முழுக்க இப்போது இதே பேச்சுதான். நேற்றுவரை இடம் கிடைக்காத பார்க்கிங் லாட்டெல்லாம் காற்றாடுகிறது. உன் சோஃபாவை யாரோ புதிதாக வந்த பையன்கள் தூக்கிப்போனார்கள். உன் அரிசி டப்பா என் சமையலறைக்கு வந்துவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு சேகர் பால்கனிக்குப் போய், கூரையில் இருந்த ஒரு கொக்கியைத் திருகிக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

"இதை என்ன பண்றதுன்னு தெரியலீங்க கோமதி. குப்பையில போட மனசு வரலீங்க" என்றார்.

பூத்தொட்டி தொங்கவிடுகிற சாதாரணக் கொக்கி. அதில் நீ தொங்கினாய், ஞாபகம் இருக்கிறதா? உனக்கு எப்படி இருக்கும். அப்போது நீ ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சாம்பலாக இருந்தாய்.

வசந்தி போய்ச் சேர்ந்தாள், அஸ்தியைக் கரைத்தார்கள், முடிந்தது. இங்கே எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். கரைத்த பிறகும் நீ போகவில்லை, ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் மலைக்குள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே நின்றாய் என்பது எனக்கும் சேகருக்கும் மட்டும்தான் முழுசாகத் தெரியும். அடுத்த வாரம் அவர் பவானிக்குத் திரும்பிப் போய்விடுவார். அப்புறம் நான் ஒருத்திதான். தனியாக வைத்துக்கொள்ள எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் உன்னிடமே சொல்லிவிடுகிறேன்.

நம் இரண்டு பேருக்கும் வேறு வேலை என்ன இருந்தது, சொல். எச்-ஃபோர் விசா. வேலைக்குப் போகக் கூடாது. புருஷன்மார் இரண்டு பேரும் ரெண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் என்ன ஆகுமோ என்று ராத்திரி பகலாக ஆபீசில் கிடந்தார்கள். ஒரே காரில் அவர்கள் சேர்ந்து போனதால் உங்கள் பழைய கார் நமக்கு மிஞ்சியது. மால் மாலாகச் சுற்றி அலுத்த ஒரு நாளில் நீதான் லைப்ரரியிலிருந்து ஒரு மேப்பை எடுத்துவந்து என் டைனிங் டேபிளில் விரித்தாய்.

"அக்கா, இங்க பாரு. நம்ம ஊட்டுக்குத் தெக்கால ஒரு மலை, அதுக்குள்ள ஒரு ஆறு. ஒரு ரோடு கூடக் கிடையாது. போலாமா?"

"ரோடு இல்லாத எடத்துக்கு எதுக்குடி போகணும்?" என்றேன். புரசைவாக்கத்தில் பிறந்தவளுக்கு வேறென்ன தோன்றும்?

ஆனால் போனோம். பூண்டு வாசம் அடிக்கிற வயல்களைத் தாண்டி, வளைந்து வளைந்து மலை ஏறி, ரோடு முடிந்த இடத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கினோம். சுடிதார், ஸ்னீக்கர்ஸ், முதுகுப்பையில் புளிசாதம். சிங்கம் போல ஒரு மிருகத்தின் படத்தைப் போட்டு, எதிரே வந்தால் ஓடாதே, கையை உயர்த்திக் கத்து என்று போர்டு வைத்திருந்தான். "உனக்குச் சொல்லியா குடுக்கணும், கத்தறதுக்கு" என்று என்னைக் கிண்டல் செய்தாய். கருவேலம் மாதிரி முறுக்கிக்கொண்ட ஓக் மரங்களுக்கு நடுவே செங்குத்தாக இறங்கி, முழங்கால் நடுங்க நடுங்க அடிவாரத்துக்கு வந்தால், ஆறு. அதற்குள்ளேயே நடந்து, பாறைமேல் பாறையாகத் தாவி, இரண்டு பக்கமும் மலை நெருங்கி வந்து வானம் ஒரு துண்டாகச் சுருங்குகிற இடத்தில் அந்தத் தண்ணீர் இருந்தது. பச்சையாக, ஆழமாக. நீ பார்த்ததும் சொன்ன வார்த்தை, "மடு!"

அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். மேப்பில் வேறு என்னவோ போட்டிருந்தது. நமக்கு மடு.

கோபிச்செட்டிபாளையத்துக் கிணற்றில் குதித்து வளர்ந்தவள் நீ. சுடிதாரோடு தொப்பென்று விழுந்தாய். பாறைமேல் நாயோடு உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரத் தம்பதி எழுந்தே நின்றுவிட்டார்கள். நான் கணுக்கால் நனைய நின்றுகொண்டு, "வெளிய வாடி, முதலை இருக்கப்போவுது" என்று அலறினேன். என் அலறல் எதிர்ப்பாறையில் பட்டு, கொஞ்சம் யோசித்த மாதிரி, ஒரே ஒரு தடவை திரும்பி வந்தது. நீ தண்ணீரில் அசையாமல் நின்று அதைக் கேட்டாய். "இந்த எடம் நாம பேசறதைக் கேக்குது அக்கா" என்றாய்.

அப்புறம் எனக்கு நீச்சல் சொல்லித்தரும் கூத்து ஆரம்பித்தது. மல்லாக்கப் படுக்கவைத்து, முதுகுக்கு அடியில் உன் உள்ளங்கையை வைத்துக்கொள்வாய். காது தண்ணீருக்குள் போய்விடும். உலகமே அடங்கி, அந்த ஒரு கை மட்டும் இருக்கும். "புடிச்சிட்டுத்தான் இருக்கறேன், பயப்படாத" என்பாய். நான் மிதப்பேன். வானத்தில் கழுகு வட்டமிடுவதைப் பார்த்துக்கொண்டு சுகமாக மிதப்பேன். கொஞ்ச நேரம் கழித்து நீ தூரத்துப் பாறையிலிருந்து சிரிப்பாய். "கையை எடுத்து எத்தனை நேரமாச்சு தெரியுமா?" அவ்வளவுதான். அடுத்த நொடி கல் மாதிரி மூழ்கிப்போவேன். மூக்கெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் வசவு. ஒவ்வொரு தடவையும் இதே கதை. தெரியாதவரைக்கும் மிதப்பேன், தெரிந்தால் மூழ்குவேன்.

"அடுத்த தடவை பழகிரும்" என்றாய். அடுத்த தடவை வரவில்லை. ஒரு காலையில் தலை வலிக்கிறது என்று போனில் சொன்னாய். மாத்திரை போட்டுத் தூங்கு என்று நான் சொன்னேன். மத்தியானம் சேகர் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். யாராலும் எதுவும் செய்திருக்க முடியாதாம். டாக்டர் அதை இரண்டு தடவை சொன்னார். நான் அவரை அடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

இந்த ஊரில் எலும்பைக்கூட மாவாக அரைத்து டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது, மரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும் என்று சேகரின் அப்பா போனில் சொன்னார். அபார்ட்மென்ட்டில் மரத்துக்கு எங்கே போவது? சேகர் டப்பாவை மஞ்சள் துணியில் முடிந்து பால்கனிக் கொக்கியில் மாட்டினார். பக்கத்து பால்கனியில் மரியா ஆன்ட்டியின் ஊதாப் பூத்தொட்டி, இந்தப் பக்கம் நீ. காற்றடித்தால் இரண்டும் சேர்ந்து ஆடும்.

ஊருக்கு எடுத்துப் போகவும் வழியில்லை. கிரீன் கார்டு பேப்பர் நடுவில் நின்றது. இப்போது நாட்டை விட்டு வெளியே போனால் எல்லாம் போச்சு என்று வக்கீல் சொல்லிவிட்டார். சேகர் என்னைக் கேட்டார். "அவளுக்குப் புடிச்ச எடம்னு ஒண்ணு சொல்லிட்டே இருப்பா. அங்க ஓடற தண்ணி இருக்குங்களா?"

"இருக்கே. ஆறுதானே" என்றேன். நீயும் நானும் போனதெல்லாம் சித்திரை, வைகாசியில். அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

உடனே போயிருக்கலாம். சேகரின் அப்பாதான் காலண்டரைப் பார்த்தார். "ஐப்பசி வரட்டும் சாமி. துலா மாசம். ஆத்துல ரெண்டு கரையும் தொட்டுட்டுப் போகும். இப்ப ஆடியில எதுக்கு, பொறு" என்றார். எங்களுக்கும் அது சரி என்றே பட்டது. ஐப்பசி என்றால் மழை, ஐப்பசி என்றால் வெள்ளம். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? பிறந்ததிலிருந்து உடம்புக்குத் தெரிந்த கணக்கு அது. கலிஃபோர்னியாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லையடி. அவருக்கு இரண்டு எஞ்சினியர் டிகிரி, எனக்கு ஒரு பி.காம். வெள்ளம் வரும் வரும் என்று உன்னைக் கொக்கியில் தொங்கவிட்டுக் காத்திருந்தோம்.

ஐப்பசி பிறந்தது. ஒரு சனிக்கிழமை போனோம். என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கும் ஆபீஸ். சேகர் உன்னை முதுகுப்பையில் வைத்து, பையை முன்பக்கமாக நெஞ்சோடு மாட்டிக்கொண்டு நடந்தார். மலையெல்லாம் காய்ந்து வைக்கோலாக நின்றது. தொட்டால் உடம்பெல்லாம் அரிக்கும் என்று நீ காட்டிய செடி, இலையெல்லாம் ரத்தச் சிவப்பாக மாறியிருந்தது. வழியில் என் கையளவு கறுப்புச் சிலந்தி ஒன்று, மயிரடர்ந்த காலை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, எங்களுக்கு முன்னால் அதே பாதையில் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. எல்லாம் கீழ்நோக்கியே போயின.

கீழே இறங்கியபோது முதலில் எனக்குப் புரியவில்லை. ஏதோ குறைகிறது என்று மட்டும் பட்டது. சத்தம். தண்ணீர்ச் சத்தம் இல்லை. ஆறு இருந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் கூழாங்கற்கள் கிடந்தன. எங்கள் காலடிச் சத்தம் மட்டும் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. நான்கு பேர் நடப்பது போல இருந்தது.

மடு மட்டும் இருந்தது. வரத்தும் இல்லை, போக்கும் இல்லை. சுற்றிலும் காய்ந்த கல், நடுவில் அசையாத பச்சைத் தண்ணீர்.

"திரும்பிப் போயிடலாம் சேகர். மழை பெய்யட்டும், அப்புறம் வரலாம்" என்றேன்.

அவர் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கரைக்கறதுக்குன்னு எடுத்துட்டு வந்ததைத் திரும்ப ஊட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதுங்க" என்றார். அதுவும் நம் வழக்கம்தானே.

பேன்ட்டோடு முழங்காலளவு இறங்கி, ஆழமான பக்கமாகக் கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, உன்னைக் கவிழ்த்தார்.

வசந்தி, சாம்பல் பரவும், மறையும் என்று நான் நினைத்திருந்தேன். நீ பரவவில்லை. தண்ணீருக்குள் வெள்ளைப் புகையாக இறங்கி, நின்றாய். நட்டுக்குத்தலாக, ஒரு ஆள் உயரத்துக்கு. மெதுவாக, மிக மெதுவாக, கொஞ்சம் திரும்பினாய். சேகர் சாமந்திப் பூவை அள்ளிப் போட்டார். பூ போட்ட இடத்திலேயே கிடந்தது. நாங்கள் அது நகரும் நகரும் என்று பார்த்துக்கொண்டு நின்றோம்.

"போயிருவா" என்றார் சேகர் கடைசியில். "மெதுவாப் போவா. அவசரமே படமாட்டா."

அவசரப்படாதவளாம் நீ! கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் வாசலில் குதிக்கிறவள். புருஷனுக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது.

ஏறும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதற்காக. நான் பார்த்தேன். வெள்ளை அப்படியே நின்றது.

அதற்கப்புறம் சேகர் தினமும் போன் செய்வார். டிவியில் வெதர் சேனலை வைத்துவிட்டுத்தான் கூப்பிடுவார். "ஏனுங்க கோமதி, வியாழக்கிழமை முப்பது பர்சன்ட் ரெயின்னு போட்டிருக்கறான்." வியாழக்கிழமை வெயில் கொளுத்தும். "ஞாயித்துக்கிழமை சான்ஸ் இருக்குதுங்க." அன்றும் வராது. உன் அம்மா ஊரிலிருந்து கூப்பிட்டு, ஆத்தில் விட்டாச்சா, தண்ணி நல்லாப் போச்சா என்று கேட்டபோது, விட்டாச்சுங்க அத்தை என்று மட்டும் சொன்னாராம். தண்ணீர் போனதா என்ற கேள்விக்கு லைன் சரியில்லை என்றாராம். அந்தப் பள்ளத்தாக்குக்கு மறுபடி போக அவருக்குத் தைரியம் இல்லை. நான் போனேன்.

வாரா வாரம் போனேன். தனியாகத்தான். முதல் தடவை, பாவம் அந்த மனுஷனுக்குப் பார்த்துச் சொல்லலாமே என்று போனேன். தண்ணீர் இன்னும் இறங்கியிருந்தது. இறங்கிய இடத்தில் பாறையைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு. நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, உனக்கும் ஒரு பிடி புளிசாதம் இலையில் வைத்தேன். பேச ஆரம்பித்தேன். யாரோடு யாருக்குச் சண்டை, எந்த இந்தியன் ஸ்டோரில் முருங்கைக்காய் வந்திருக்கிறது, என் மாமியார் விசிட்டர் விசாவில் வரப்போகிறாள், எல்லாம் சொன்னேன். மனசு லேசாகிவிட்டது. உன்னைப் பறிகொடுத்த நாளிலிருந்து நான் ஒரு நாள் நிம்மதியாகப் பேசியதில்லை.

நான் பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் இதைக் கேள். கிளம்பும்போது "வசந்தீ" என்று ஒரு குரல் கொடுத்தேன். வழக்கம்போல ஒரு தடவை திரும்பி வந்தது. பையைக் கட்டி, ஷூ லேஸை முடிந்துகொண்டு எழுந்தபோது, மறுபடி ஒரு தடவை வந்தது. என் குரல்தான். நான் கூப்பிடவில்லை.

அதற்கடுத்த வாரம் நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே வந்தது. "வசந்தீ" என்று, என் குரலில், எதிர்ப்பாறையிலிருந்து. நான் பாதி இறங்கிக்கொண்டிருந்தேன். அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஓடிப்போயிருக்க வேண்டும். வீட்டில் உலை வைக்க வேண்டும், துணி மடிக்க வேண்டும், ஆயிரம் வேலை. நான் எழுந்து கீழேதான் போனேன்.

"இன்னும் ஓடலைங்களா?" என்று சேகர் கேட்பார். "இன்னும் ஓடலை" என்பேன். அவர் பெருமூச்சு விடுவது கேட்கும். எனக்கோ உள்ளுக்குள் ஒரு நிம்மதி பரவும். அவர் பவானி சங்கமேஸ்வரரிடம் மழை கேட்டுக்கொண்டிருந்தார். நான் என் சமையலறைப் பிள்ளையாரிடம், வேண்டாம், இப்போது வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ கட்டுண்டு கிடக்கிறாய் என்று தெரியும். தெரிந்தும் எனக்கு நீ வேண்டியிருந்தது. அது உண்மை.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் தண்ணீரில் இறங்கினேன்.

ஏன் என்று கேட்காதே. வெயில் நன்றாக இருந்தது. பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன், அடுத்து இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். நடுவில் நடந்தது எனக்குத் தெரியாது. அஸ்தி கரைத்த தண்ணீர். கை பட்டாலே தலைமுழுக வேண்டும் என்பார்கள். குளிர் எலும்பைக் கடித்தது. நான் மெல்ல மல்லாந்து சாய்ந்தேன். காது தண்ணீருக்குள் போனது. உலகம் அடங்கியது.

முதுகுக்கு அடியில் உன் கை இருந்தது.

நினைப்பு என்று சொல்லாதே. ஐந்து விரலும் தெரிந்தது. கட்டைவிரல் கொஞ்சம் விலகி, இடது தோள்பட்டைக்குக் கீழே, நீ எப்போதும் வைக்கிற அதே இடத்தில். நான் அழுதேன். கண்ணீர் காதோரமாகத் தண்ணீரில் போய்ச் சேர்ந்தது. கழுகு ஒன்று மேலே வட்டமிட்டது. சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் போய், பாறையின் நிழல் என் முகத்தில் விழுந்தது. உதடு மரத்துவிட்டது. வெளியே வர வேண்டும் என்றே தோன்றவில்லை வசந்தி. எதற்கு வர வேண்டும்? இப்படியே இருந்துவிட்டால் என்ன?

தலையைத் திருப்பினேன். கரை எங்கோ தள்ளி இருந்தது. மடுவின் நடுவில் இருந்தேன். எனக்குக் கால் எட்டாத ஆழம். அப்போதுதான் பயம் வந்தது. நீ பிடித்திருக்கிறாய் என்பதில் பயமில்லை. நீ கையை எடுத்தால் என்ன ஆகும் என்று பயம். மழை வந்து, இந்தத் தண்ணீர் நகர ஆரம்பித்தால்? கைகால் உதறினேனா, நீ தள்ளிவிட்டாயா, தெரியாது. முழங்கால் பாறையில் இடித்தது. தவழ்ந்து கரை ஏறினேன்.

வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் ரவி கதவைத் திறந்தார். "கோமூ, தனியா மறுபடி அங்கயா போன? ஆர் யூ கிரேஸி? போன் கூட ஒர்க் ஆகாத எடம்!" என்று ஆரம்பித்தவர், நான் உள்ளே நடந்ததும் நிறுத்தினார். "எங்க சாஞ்ச? முதுகெல்லாம் வெள்ளை. விரல் வெச்சு அமுக்கினா மாதிரி இருக்கு."

பாறையில் சாய்ந்தேன் என்றேன். பாத்ரூம் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். என் கண்ணுக்கு எட்டவில்லை. அந்தச் சுடிதாரைத் துவைக்காமல் மடித்து வைத்திருக்கிறேன்.

ரெண்டாயிரம் பிறந்தது. கம்ப்யூட்டர் எதுவும் வெடிக்கவில்லை. மழையும் வரவில்லை. ரவி என் காலணிகளை ஒளித்து வைத்துவிட்டார். "நீ சாப்பிடறதே இல்ல. நேத்து தூக்கத்துல, கையை எடுக்காதேங்கற. யாரோட கை?" என்று கேட்டார். பாவம், அவர் கண்ணில் தண்ணீர்.

தை பிறந்து பொங்கல் வைத்த சில நாளில் ஆரம்பித்தது. முதலில் தூறல். அப்புறம் விடாமல், நம் ஊர் அடைமழை போல, நாள் கணக்கில் அடித்தது. நான் ஜன்னலருகே நின்று, நில்லு, நில்லு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"கோமதி! பெய்யுதுங்க! கேக்குதுங்களா?" குரல் உடைந்திருந்தது. "அங்கயும் பெய்யுங்களா? ஓடுங்களா? நீங்க சொன்னாச் சரிங்க."

நான் சொன்னால் சரியாம். ஓடாது, அங்கே மழை பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனிதர் நம்பியிருப்பார். நாக்கு நுனி வரை வந்தது வசந்தி. உன்னை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொண்டிருப்பேன். ஒரே ஒரு வாரம்.

அப்போது பால்கனி ஞாபகம் வந்தது. காற்றடித்தால் கொக்கியில் நீ ஆடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் ஓரிடத்தில் உட்காராதவளை எத்தனை மாசமாக ஆளாளுக்குப் பிடித்து வைத்திருக்கிறோம். முதலில் அவர் அப்பா காலண்டர், அப்புறம் நிற்கிற தண்ணீர், இப்போது நான்.

"ஓடும்" என்றேன். "வாங்க, போய்ப் பாக்கலாம்."

ரவியும் வந்தார். ஒளித்துவைத்த காலணிகளை அவரே எடுத்துவந்து என் காலுக்கு மாட்டிவிட்டார். மழை விட்டிருந்தது. பாதையெல்லாம் சேறு, சறுக்கிச் சறுக்கி இறங்கினோம். பாதி மலையிலேயே அந்தச் சத்தம் கேட்டது. சேகர் நின்றுவிட்டார். கையைக் கூப்பிக்கொண்டார். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

மடு இருந்த இடமே தெரியவில்லை. காபி நிறத்தில், மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு, இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவர் அப்பா சொன்னது போலவேதான், மாசம் மட்டும்தான் தப்பு. வெள்ளைக் கோட்டைக் காணோம். சேகர் பூவை வீசினார். கையை விட்ட கணத்தில் பூ போய்விட்டது. எங்கே போனது என்று கண் தேடுவதற்குள் வளைவு தாண்டிவிட்டது.

"போயிட்டா" என்றார் அவர். குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதார். ரவி அவரைத் தாங்கிக்கொண்டார்.

நான் "வசந்தீ" என்று கூப்பிட்டேன். என் பலம் கொண்ட மட்டும் கூப்பிட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. காத்திருந்தேன். எதுவும் திரும்பி வரவில்லை. ஆனால் வளைவு தாண்டி, கீழே, ரொம்ப தூரத்தில், யாரோ சிரித்தது போல இருந்தது. தூரத்துப் பாறையில் போய் நின்றுகொண்டு நீ சிரிப்பாயே, அது. ரவியும் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினார். இன்றுவரை நாங்கள் அதைப் பேசியதில்லை.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை செய்ய பெர்மிட் வந்துவிட்டது. ஒரு டேகேரில் இருக்கிறேன். ஃப்ரீவேயில் நானே டிரைவ் பண்ணிக்கொண்டு போகிறேன், லேன் மாறும்போது உன்னை மாதிரி பாடுவதில்லை, சாமியைக் கூப்பிடுகிறேன். சேகருக்கு ஊரில் பெண் பார்க்கிறார்களாம். நேற்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். நல்லபடி நடக்கட்டும், அவள் ஒண்ணும் சொல்ல மாட்டாள் என்று உன் சார்பில் நானே சொல்லிவிட்டேன். தப்பா?

இன்னொன்று. போன வருஷம் வைகாசியில் மடுவுக்குப் போனேன். ரவி கரையில் நின்றார், கையில் கயிற்றோடு. தண்ணீர் பச்சையாகத் தெளிந்து, மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. இறங்கி, மல்லாந்து சாய்ந்தேன். காது உள்ளே போனது. காத்திருந்தேன். முதுகுக்கு அடியில் தண்ணீர் மட்டும் இருந்தது. கை இல்லை. இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, மூழ்கப்போகிறேன் என்று மூச்சைப் பிடித்தேன்.

மூழ்கவில்லையடி.

இந்தக் கொக்கியை என் பால்கனியில் மாட்டப்போகிறேன். மரியா ஆன்ட்டியிடம் அந்த ஊதாப் பூவில் ஒரு கிளை கேட்டிருக்கிறேன். திரும்பிப் பார் என்று இனி அந்தப் பள்ளத்தாக்கில் நின்று உன்னைக் கூப்பிடமாட்டேன். நீ எந்தக் கடலில் போய்ச் சேர்ந்தாயோ, அங்கேயே ஆடிக்கொண்டிரு. ஒரே ஒரு வாக்கு மட்டும் தருகிறேன், இதை என் தலைமேல் அடித்துச் சொல்கிறேன்: நீ கையை எடுத்துவிட்டாய் என்று தெரிந்தபிறகும் நான் மிதப்பேன்.

கூடப் பிறக்காவிட்டாலும் உன் அக்காவாகவே இருக்கிற,
கோமதி